புல்லட்டின் மாமா

புதிதாக ஒருவர் அறிமுகமானால் நாம் ஊர் எது என்று கேட்போம். புல்லட்டின் மாமாவும் கேட்பார். ஆனால் நீங்கள் பாபநாசம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "அது கெடக்கட்டும், உங்க டேட் என்ன?" என்பார். பிறந்த தேதியைச் சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்பது பிரயாரிட்டி டேட். உங்கள் கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையில் உங்களுக்காக மனுப் போட்ட நாள். கிரீன் கார்டு வரிசையில் நீங்கள் துண்டு போட்டு இடம் பிடித்த நாள். 2012 என்றால் "அடேயப்பா, கரையேறிட்டீங்க!" என்று கை கொடுப்பார். 2019 என்றால் ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

நியூ ஜெர்சியில் எடிசனைச் சுற்றி நம்மவர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் எந்த அப்பார்ட்மென்டிலும் இப்படி ஒருவர் அகப்படுவார். 'மாமா' பட்டம் பிள்ளைகள் கொடுத்தது. 'புல்லட்டின்' பெரியவர்கள் சேர்த்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் இவர் கண்ணில் பட்ட பிறகுதான் மற்றவர் கண்ணில் படும் என்பது இங்கே ஐதீகம். பெரும்பாலும் மாதத்தின் நடுவில் வரும்; எந்தக் கிழமை, எந்த நேரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பத்தாம் தேதி பிறந்ததும் மாமா பரபரப்பாகிவிடுவார். ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை ம்யூட்டில் போட்டுவிட்டு இன்னொரு திரையில் ரெஃப்ரெஷ் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பார்.

வந்துவிட்டால் தீர்ந்ததா? அதில் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று, கார்டு கையில் கொடுப்பதற்கான தேதி. இன்னொன்று, மனுவை மட்டும் வாங்கிக்கொள்வதற்கான தேதி. மனுப் போட இந்த மாதம் எதைப் பார்க்க வேண்டும் என்பதை, மனுக்களை வாங்கும் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தனியாக அறிவிக்கும். ஆக, பட்டியலுக்குக் காத்திருந்து, பட்டியல் வந்த பின் எந்தப் பட்டியல் என்பதற்கும் காத்திருக்க வேண்டும். சர்க்கார் காரியத்தில் இவ்வளவு நேர்த்தி எனக்குத் தெரிந்து வேறெங்கும் கிடையாது.

பிறந்தநாள் விழாக்களில் மாமா பக்கத்தில் உட்காராதீர்கள். கேக் தின்று முடித்த பேப்பர் தட்டைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுவார். "வேலை மூலமா வர்ற கார்டு வருஷத்துக்கு 1,40,000. ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல கெடயாது. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. அதுல நாம நிக்கிற ஈ.பி.2 வகைக்குப் பங்குன்னு பாத்தா நமக்கு 2,800 சொச்சம். பொண்டாட்டி புள்ளைங்களும் அதுக்குள்ளயே அடக்கம்." மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்ட மிச்சம் வழிந்து நம் பக்கம் வரும். அந்த மிச்சம் எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதுதான் மாமாவின் வித்தை. தட்டில் இடம் போதாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் தட்டையும் வாங்கிக்கொள்வார், அவர் தின்று முடித்தாரா என்று பார்ப்பதில்லை.

இதில் நாடு என்பது பாஸ்போர்ட் கொடுத்த நாடு அல்ல, பிறந்த நாடு. அங்கேதான் மாமாவின் குடும்பக் கதை சிக்கிக்கொண்டது. அவர் அப்பா குவைத்தில் வேலை பார்த்தவர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பாட்டி ஒற்றைக்காலில் நிற்க, அம்மா ஏழாம் மாதம் விமானம் ஏறிக் கும்பகோணம் வந்தார். மாமா அங்கே பிறந்தார். மூன்று வருஷம் கழித்துத் தம்பி. இரண்டாவதுதானே என்று யாரும் மெனக்கெடவில்லை. அவன் குவைத்திலேயே பிறந்துவிட்டான். தம்பி அமெரிக்கா வந்தது அண்ணனுக்குப் பிறகு. அவன் கம்பெனி மனுப் போட்டதும் பிறகுதான். ஆனால் இந்திய வரிசையில் அவன் நிற்க வேண்டியிருக்கவில்லை. கார்டு வாங்கி, குடியுரிமைத் தேர்வில் தேறி, இப்போது தேர்தலில் ஓட்டும் போடுகிறான். அண்ணன் வீட்டுக்கு வந்தால் யாருக்குப் போட்டான் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். "ஒரு டப்பா லேகியத்துக்காக என்னை இந்தியா லைன்ல தள்ளிட்டாங்க" என்று மாமா பாட்டியின் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

பாட்டியாவது போகட்டும், வக்கீலை அவரால் மன்னிக்க முடியவில்லை. 2014 டிசம்பர் மூன்றாம் வாரமே காகிதம் எல்லாம் தயார். வக்கீல் கிறிஸ்துமஸ் லீவில் போய்விட்டுத் திரும்பி வந்து, 2015 ஜனவரி 2 அன்று மனுவை ஏற்றினார். அதனால் என்ன என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 2020 அக்டோபர் புல்லட்டினில், ஒரு படி கீழே உள்ள ஈ.பி.3 வகையில் இந்தியாவுக்கு மனு வாங்கும் தேதி ஒரேயடியாகப் பாய்ந்து 2015 ஜனவரி 1-இல் வந்து நின்றது. ஈ.பி.2-இல் இருந்தவர்களெல்லாம் கௌரவம் பார்க்காமல் ஒரு படி இறங்கி மனுப் போட்டார்கள். மாமாவும் இறங்கத் தயார்தான். ஆனால் போட்டிருக்கும் தேதிக்கு முந்தைய டேட் உள்ளவர்களுக்குத்தான் கதவு. அதே தேதி என்றாலே வாசலில் நிற்க வேண்டியதுதான், இவரோ அதற்கும் மறுநாள். 2022-இல் இன்னொரு ஆசை காட்டினார்கள். செப்டம்பரில் ஈ.பி.2 கார்டு தேதி 2014 டிசம்பர் 1 என்று இருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் நகர்ந்தால் மாமா ஜெயித்தார். அக்டோபர் பட்டியலில் அது 2012 ஏப்ரல் 1-க்குப் போய்விட்டது.

தேதி இப்படிப் பின்னால் போவது கும்பகோணத்தில் இருக்கும் அவர் அப்பாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. சனி வக்ரத்தில் போவது மாதிரிதான் இதுவும் என்று அடுத்த பெயர்ச்சிக்குக் குறித்துக்கொண்டார். பெரியவர் கணிப்பும் மாமாவின் பேப்பர் தட்டுக் கணிப்பும் இதுவரை ஒரே அளவுக்குத்தான் பலித்திருக்கின்றன. இருந்தாலும் மாமாவைத் தேடி ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காரணம் தெரியாமல் காத்திருப்பதைவிடத் தப்பான காரணத்தோடு காத்திருப்பது எவ்வளவோ தேவலை. மாமா வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமில்லை, காபியும் கிடைக்கும்.

ஆனால் உட்காரத்தான் சரியான சோபா கிடையாது. "கார்டு வரட்டும், வாங்கிக்கலாம்" என்று தள்ளிப்போட்டு, ஊர் திரும்பியவர்கள் மூவிங் சேலில் விட்டுப்போனதில்தான் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மேலதிகாரி இவரை மேனேஜர் ஆக்க வேண்டும் என்று கூப்பிட்டபோது, வேலையின் தன்மை மாறினால் தொழிலாளர் துறை மனுவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க நேரலாம் என்று பயந்து, தனக்கு அவ்வளவு திறமை கிடையாது என்று அரைமணி நேரம் வாதாடி ஜெயித்தார். அந்த வாதத் திறமைக்கே அவருக்கு மேனேஜர் பதவி கொடுத்திருக்கலாம்.

ஒரு தடவை நடுராத்திரி ஃபயர் அலாரம் அடித்தது. ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடி வந்தோம். பையனை இழுத்துக்கொண்டு வந்தது மாமி. மாமா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது ஒரு சிவப்பு ஃபைல். இன்னும் ஆவணம் கொண்டா என்று யு.எஸ்.சி.ஐ.எஸ். ஆர்.எஃப்.இ. அனுப்பினால் எடுத்து நீட்டுவதற்கு. வந்த நாளிலிருந்து வாங்கிய ஐ-797 நோட்டீஸ் எல்லாம், சம்பளச் சீட்டு, மங்கிப்போன போர்டிங் பாஸ், பெயர் சேர்க்காத பிறப்புச் சான்றிதழ், அதற்குத் துணையாகப் பெரியப்பாவும் சித்தியும் கையெழுத்துப் போட்ட அஃபிடவிட். "என்னங்க, நாங்க வந்துட்டோமான்னு ஒரு தடவை பாத்தீங்களா?" என்றார் மாமி. "உங்களுக்கு டூப்ளிகேட்..." என்று ஆரம்பித்தவர் நல்லவேளையாக நிறுத்திக்கொண்டார்.

மனம் தளர்ந்தவர்களுக்கு மாமா 2007 கதையைச் சொல்லுவார். அந்த ஜூலை மாதத்துக்கு, வேலை வழி வரிசையில் ஏறக்குறைய எல்லாருக்கும் கதவு திறந்தாயிற்று என்று புல்லட்டின் வந்தது. ஜூலை 2 அன்று, இனி இல்லை என்று மூடிவிட்டார்கள். நம் ஜனம் கல் எறியவில்லை, யு.எஸ்.சி.ஐ.எஸ். இயக்குநருக்குப் பூங்கொத்துகளாக அனுப்பித் தள்ளியது. அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார். ஆனாலும் ஜூலை 17-இல் கதவு மறுபடி திறந்து ஒரு மாதம் திறந்தே இருந்தது. மாமா அப்போது சென்னையில் சோழிங்கநல்லூரில் வேலையில் இருந்தார். சொல்லும்போது மட்டும் நான்கைந்து ரோஜா அவர் கையாலேயே போன மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு வீட்டில் மாமா கதையும் சொல்வதில்லை, தட்டும் கேட்பதில்லை. அந்த வீட்டுப் பெண் சென்னையில் பிறந்தவள். இங்கே வரும்போது கைக்குழந்தை. கார்டுக்கு முன்னால் 21 வயது முந்திக்கொண்டால் பெற்றோர் வரிசையிலிருந்து அவள் உதிர்ந்துவிடுவாள். அங்கே போனால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

அவர் வீட்டில் அதே 21 வேறு விதமாக வேலை செய்கிறது. பையன் இங்கேயே பிறந்தவன், பிறவிக் குடிமகன். அவனுக்கு 21 ஆகிவிட்டால் பெற்றோருக்கு அவனே மனுப் போடலாம். அதற்கு வரிசையே கிடையாது. இந்தச் செய்தி பையன் காதுக்கு எட்டாமல் மாமா வெகுகாலம் காப்பாற்றி வந்தார். பதினாறு முடிந்து லைசென்ஸுக்குப் படிக்கும்போது சித்தப்பா போட்டுக்கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டின் காற்று மாறிவிட்டது. கணக்கில் சி வாங்கினால் மாமா சத்தம் போடுவதில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது பையன் காருக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தான். மாமா பட்ஜெட், இன்ஷூரன்ஸ் என்று இழுத்தார். பையன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பா, அம்மா ஃபைல் க்ளியரா இருக்கு. உங்களுதுலதான் எனக்குக் கொஞ்சம் டவுட்டு. ஆர்.எஃப்.இ. அனுப்பலாம்னு இருக்கேன்."

"என்னடா டாக்குமென்ட் வேணும் உனக்கு?"

"கார் சாவி."