சீனி விருந்தாளிக்கு

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு காப்பி உண்டு. கருப்பட்டிக் காப்பி எங்களுக்கு, சீனிக் காப்பி வருகிறவர்களுக்கு. சீனி ரேஷனில் வாங்கியது. அடுக்களை மேல்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருக்கும். சபை ஐயர் வீடு சந்திக்க வந்தால் பாட்டில் கீழே இறங்கும். பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வந்தால் இறங்கும். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது இறங்கியது. வந்தவர்கள் டம்ளரில் ஒரு மடக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனால், அது யாருக்கு என்று எங்களுக்குள் முறை வைத்திருந்தோம்.

நாசரேத் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். எந்தத் திசையில் பார்த்தாலும் பனை. கருப்பட்டி ஓலைச் சிப்பத்தில் வந்து அடுப்புக்கு மேல் புகையில் கிடக்கும். அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது.

இப்போது சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் சீனியே இல்லை. அது விஷம் என்று என் மனைவி எங்கோ படித்துவிட்டு, இருந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தாலும் கிடைத்தது, அது வெல்வெட் துணியில் வைத்த நகை மாதிரி ஓலைப்பெட்டிக்குள் கூரியரில் வருகிறது. விருந்தாளி வந்தால் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "உடன்குடி" என்று அழுத்தியும் சொல்கிறோம். அவர்களும் கண்ணை மூடி ரசிக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்கா மட்டும், "எனக்கு இந்தக் கருப்பு காப்பி வேணாம்மா, சீனி போட்டுக் குடுங்க" என்கிறார். அவருக்காக ஒரு சின்ன பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறோம். ஆக, சீனி இன்றைக்கும் வருகிறவர்களுக்குத்தான்.

அப்பா சபைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிள்ளைகள் ஐந்து பேர். இந்த இரண்டு வாக்கியத்திலேயே எங்கள் வீட்டுப் பொருளாதாரம் முடிந்துவிடும். ஆனால் அப்பா அதை வறுமை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடம் எல்லாவற்றுக்கும் வேதத்தில் ஆதாரம் இருந்தது. முந்தின நாள் குழம்பை அம்மா சுண்டக்கறியாக்கி வைத்ததும் நாங்கள் முகத்தைச் சுளிப்போம். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையை அப்பா எடுப்பார். தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கத் தெரிந்தவர், ஐந்து அப்பத்தை ஆயிரமாக்கத் தெரிந்தவர், வேண்டுமென்றால் மறுநாளும் புதிதாகச் செய்துகொள்ளலாமே. ஆனாலும் சிந்தினதைப் பொறுக்கச் சொன்னாரே, ஏன்? பன்னிரண்டு கூடை நிறைய மிச்சம் எடுத்தார்களே, எதற்கு? அந்தப் பன்னிரண்டு கூடையை அப்புறம் என்ன செய்தார்கள் என்று எந்த ஐயரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. "என்ன செய்வாங்க? மறுநா காலைல சுட வச்சித் தின்னுருப்பாங்க" என்பார்.

எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பன்னிரண்டு டப்பாவாவது இருக்கும். பாதி பனீர், கால் பிரியாணி, யாரோ பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கின் ஓரம். இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழாமல் குப்பைக்குப் போகிறது. வெறும் டப்பாக்களை மட்டும் அம்மா விடமாட்டார். ஊரிலிருந்து வந்து தங்கும் நாட்களில் ஸ்விக்கியில் வந்த கறுப்பு டப்பாக்களைக் கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டைப்பையில் கட்டிவைப்பார். அந்தப் பை மட்டும் வந்த கனத்தோடு திரும்பிப் போகும்.

கிறிஸ்துமஸ் துணியைச் சொல்லியாக வேண்டும். அது எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முன்னாடியே வந்துவிடும். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி இருக்கும்போது, டிசம்பர் வரை காத்திருந்து முழுவிலை கொடுக்க அப்பாவுக்குப் பைத்தியமா? ஒரே துணியில் மொத்தமாகக் கிழித்து வாங்குவார். மூன்று பையன்களுக்கும் அதில் சட்டை, அக்காளுக்கும் தங்கச்சிக்கும் பாவாடை, விழுந்த துண்டில் தலையணை உறை. ஒரு வருஷம் ஜன்னல் திரையும் அதிலேயே. டெய்லர் அளவு எடுக்கும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பார். "வளர்ற பிள்ள, கொஞ்சம் தாராளமா வைங்க." தாராளம் என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியது அந்த ஒரு இடத்தில்தான். பாவாடையின் அடியில் நாலு விரல் மடித்துத் தைக்கச் சொல்வார். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்தால் ஒரு வருஷம் வெயில் படாத துணி வெளியே வரும். மேலே வெளுத்த நீலம், கீழே நாலு விரலுக்குப் புது நீலம். தங்கச்சியின் வயதை அந்தப் பட்டைகளை எண்ணியே சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு நாங்கள் ஐந்து பேரும் வரிசையாகக் கோயிலுக்குள் நுழையும்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "ஏல, பேண்டு செட்டு வந்துட்டுல!"

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே துணி. ஃபேமிலி காம்போ என்று விற்கிறார்கள். தனித்தனியாக எடுப்பதைவிட விலை கூடுதல். அதைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கப் போட்டோகிராபருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தலகாணி உறை தைக்கலையா?"

கேக் கதை சின்னது. மைதா, சீனி, முட்டை, டால்டா எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோய் பேக்கரியில் கொடுத்து, கூலிக்குச் சுட்டு வாங்குவது வழக்கம். நம் முட்டை நம் கேக்குக்குள்தான் போகிறதா என்று பார்க்க என்னை அங்கே உட்காரவைப்பார்கள். ராத்திரி முழுக்க அடுப்புச் சூட்டில் விழித்திருப்பேன். மேற்பார்வைக்குச் சம்பளமாகத் தகரத்தின் ஓரத்தில் ஒட்டிய கருகலைச் சுரண்டித் தின்ன உரிமை உண்டு. இன்று கேக் முட்டையில்லாமல், சீனியில்லாமல், மைதாவும் இல்லாமல் வருகிறது. விலை மட்டும் இருக்கிறது.

வாழ்த்து அட்டையில் அப்பா ஒரு மேதை. போன வருஷம் நமக்கு வந்த அட்டைகளில் படம் இருக்கும் பாதியை வெட்டி, பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கெட்டி அட்டையில் ஒட்டி, பார்டர் கோடு போட்டு, இந்த வருஷம் வேறு ஆளுக்கு அனுப்புவார். உறையை ஒட்டாமல் 'புக் போஸ்ட்' என்று எழுதினால் தபால்தலைச் செலவும் குறைவு. இதில் ஒரே அபாயம், அனுப்பினவருக்கே அவருடைய படம் திரும்பிப் போய்விடுவது. அதற்காக ஒரு நோட்டு வைத்திருந்தார். மேய்ப்பர்கள் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தது, ஒட்டகம் மூன்று பாளையங்கோட்டை அத்தையிடமிருந்து வந்தது என்று குறித்திருப்பார். அதே ஒட்டகங்கள் மூன்று நாலு வருஷம் எங்கள் சொந்தக்காரர்களுக்குள்ளேயே சுற்றிவந்தன. பெத்லகேமுக்குப் போய்ச் சேர்ந்தனவா, தெரியாது.

கைவேலை அட்டைகள் இன்று கண்காட்சியில் நல்ல விலைக்குப் போகின்றன, மறுசுழற்சி என்ற பெயரில். நான் வாங்குவதில்லை. யாரோ அனுப்பிய நட்சத்திரம் மினுங்கும் படத்தை வாட்ஸப்பில் அத்தனை பேருக்கும் தள்ளிவிடுகிறேன். தபால்தலை இல்லை, நோட்டு இல்லை, படத்தைப் பார்க்கவும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் அப்பாவை வென்றுவிட்டேன்.

சாயந்தர ஜெபத்துக்கு வீட்டில் ஒரே பல்பு எரியும். அதன் அடியிலேயே வீட்டுப்பாடம், அதன் அடியிலேயே பாமாலை. அப்பா ஜெபத்தை ஆரம்பித்ததும் அம்மா கையை நீட்டி அந்த ஒரு பல்பையும் அணைத்துவிடுவார். "கண்ண மூடித்தான ஜெபம் பண்ணுதோம், லைட் எதுக்கு?" அப்பா ஜெபத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கமாட்டார் என்பதால் இதில் கணிசமான மின்சாரம் மிச்சமாகியிருக்க வேண்டும். இப்போது அண்ணன் துபாயில், தங்கச்சி டொராண்டோவில். ஞாயிறு ராத்திரி ஜூமில் குடும்ப ஜெபம். எல்லார் திரையும் எரிகிறது. யாராவது ஒருவர் மைக்கை அணைக்க மறந்து, அவர் வீட்டுக் குக்கரும் ஆமென் சொல்கிறது.

இப்படியெல்லாம் பைசா பார்த்த மனிதர் சம்பளக் கவரைக் கொண்டுவந்ததும் முதலில் செய்கிற வேலை, அதிலிருந்து பத்தில் ஒன்றை எண்ணித் தனியாக வைப்பது. மளிகைக் கடை பாக்கி, பள்ளிக்கூட ஃபீஸ், தங்கச்சியின் இருமல் மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு அதில் அப்போதே கோபம் உண்டு, இப்போதும் முழுக்கப் போகவில்லை. மருந்தை முதலில் வாங்கினால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா என்ன? அம்மாவின் பங்கு பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சின்ன ஓலைப்பெட்டியில் போடுவார். கவனியுங்கள், பானையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி இல்லை, எங்களுக்கென்று அளந்ததிலிருந்து. பெட்டி நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். எங்கள் வட்டாரத்துச் சபைகளில் எத்தனையோ காரியம் இந்தக் கைப்பிடியில் நடந்திருக்கிறது. வெள்ளாளன்விளைக்காரர் அசரியா முதலானவர்கள் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டான் காசு வேண்டாம், நம் காசிலேயே நடத்துவோம் என்றார்கள். அதற்கு இங்கே என்ன பெரிய காசு இருந்தது? இப்படி அளந்ததிலிருந்து எடுத்ததுதான்.

அறுப்புப் பண்டிகை ஏலத்தில் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். கீரைக்காரியிடம் பத்துப் பைசாவுக்கு மன்றாடுகிறவர், பஸ் காசை மிச்சம்பிடிக்க வெயிலில் நடக்கிறவர், அன்றைக்கு மட்டும் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். ஒருமுறை எங்கள் வீட்டுக் கோழி இட்ட முட்டையைத்தான் அம்மா காணிக்கையாகக் கொண்டுபோயிருந்தார். தலைமையாசிரியர் கேட்க, அப்பா ஏற்ற, அவர் மேலே போக, இவர் அதற்கும் மேலே. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்! கடையில் இரண்டு டஜன் வாங்கும் காசுக்கு எங்கள் முட்டையை நாங்களே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முட்டையை அவித்து, தையல் நூலை விரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்து, சிதறாமல் ஏழு துண்டாக அறுத்து ஆளுக்கொன்று வைத்தார். மஞ்சள்கரு எல்லாத் துண்டிலும் இருந்தது. அந்தக் கைத்திறன் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

ஏலம் இன்றும் நடக்கிறது. துபாயிலிருந்து வீடியோவில் கேட்கிறார்கள், முட்டை ஆயிரக்கணக்கில் போகிறது, கைதட்டல் பலமாக இருக்கிறது. அடுத்த வருஷம் கமிட்டி வாசிக்கும் ஏலப் பாக்கிப் பட்டியலும் நீளமாக இருக்கிறது.

சென்னையில் நாங்கள் போகும் கோயிலில் காணிக்கைக்குக் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கணக்குக்காக என் பையன் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தான். மாதக் கடைசியில் அது வட்டம் வரைந்து காட்டும். ஓடிடிக்கு ஒரு நிறம், ஜிம்முக்கு ஒரு நிறம், உணவு வரவழைத்ததற்குப் பெரிய சிவப்புத் துண்டு. காணிக்கையைத் தேடினேன். 'இதர' என்பதில், பார்க்கிங் கட்டணத்துக்கும் ஷூ பாலிஷுக்கும் நடுவில் இருந்தது. சிக்கனம் எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டதென்று அம்மா குறைப்படுகிறார். போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அப்பா கை திறந்த ஒரே இடத்தில் நாங்கள் கையை மூடிக்கொண்டோம், மற்ற எல்லா இடத்திலும் திறந்துவிட்டோம்.

அம்மாவின் பிடி அரிசிப் பெட்டி இப்போது எங்கள் ஹாலில் இருக்கிறது. என் மனைவி அதற்கு வார்னிஷ் அடித்து டிவி ரிமோட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். உங்கள் ஊர்வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ஓலைப்பெட்டி கிடந்தால் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். சென்னையில் அதற்கு நல்ல விலை.