உருளைக்கிழங்கு முத்திரை

ஏப்ரல் 1 வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குக்குக் கிராக்கி. பாதியாக வெட்டி, எழுத்தைத் திருப்பிச் செதுக்கி, மை தடவி, முன்னால் போகிறவனின் வெள்ளைச் சட்டையில் ஒரே குத்து. 'ஏப்ரல் ஃபூல்!' அம்மா திட்டுவாள். இரண்டு சலவையில் மை மங்கிவிடும். குத்தியவன் ஓடமாட்டான், எதிரிலேயே நின்று சிரிப்பான். அது அவனுடைய நேர்மை.

கொடைக்கானலை ஏமாற்றியவர்களிடம் அந்த நேர்மைகூட இல்லை.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஊரில் கழற்றிய தெர்மாமீட்டர் ஆலையை 1983-இல் இந்த மலைக்குத் தூக்கி வந்தது பாண்ட்ஸ். பிறகு அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. முகப்பவுடர் கம்பெனி என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. உடைந்தது மட்டும் நம் பங்கு.

2001 மார்ச்சில் அந்தப் பங்கு கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் கிடந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடி, டன் கணக்கில். ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் சேர்ந்து அதை உலகத்துக்குக் காட்டினார்கள். ஆலை மூடியது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. குப்பைக்கு இரண்டே வருஷத்தில் வழி பிறந்தது. தொழிலாளிக்குப் பதினைந்து வருஷம்.

2016 மார்ச்சில் 591 பேருக்குப் பணம் தர ஒப்பந்தம் ஆனது. எதற்காகவாம்? 'மனிதாபிமான அடிப்படையில்.' இழப்பீடு என்று சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமே! பாதரசத்தால் எந்தத் தொழிலாளிக்கும் கெடுதி இல்லை என்பதே கடைசிவரை கம்பெனியின் கட்சி. அப்படியானால் நடுங்கிய கைகளெல்லாம் கொடைக்கானல் குளிரில்தான் நடுங்கியிருக்க வேண்டும்.

மண்ணுக்குத் தனிக் கணக்கு. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருந்தால் ஆலை வளாகத்து மண் சுத்தமாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புக்கொண்ட அளவு இது. மாசுக்குக் கட்டுப்பட்ட வாரியம் என்று படித்தாலும் பிழையில்லை.

இதே மலையைக் காப்பாற்ற உயர் நீதிமன்றம் வாகனங்களுக்கு உச்சவரம்பு வைத்தது. வார நாளில் 4,000. சனி, ஞாயிறில் 6,000. தொடங்கிய நாள், சத்தியமாக, 2025 ஏப்ரல் 1. உத்தரவு நியாயமானதுதான். குடும்பத்தோடு வருகிறவன் இ-பாஸ் காட்டட்டும், தண்ணீர் பாட்டிலுக்குப் பசுமை வரி 20 ரூபாய் கட்டட்டும். மலையைக் கெடுத்தவன் பிடிபட்டுவிட்டான் அல்லவா, கையில் பாட்டிலோடு! பதினெட்டு வருஷம் பாதரசத்தை ஏற்றி இறக்கிய வண்டிகளை எந்தச் சாவடி நிறுத்தியது?

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தச் சரிவில் பெய்யும் மழை பாம்பாறாகி, பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியாக விழுகிறது. அங்கே குளிக்க நுழைவுக் கட்டணம் உண்டு.