49 நாள் காத்திருக்கலாமா?

கேள்வி: தண்ணீர் மோட்டாரை இயக்கும் சிப்புக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறோம். மேசைக் கணினியில் பைத்தான் வைத்துச் சோதித்தால் போதாதா?
– ஒரு வாசகர், ஹெப்பால், மைசூரு

பதில்: முக்கால்வாசி வேலை அங்கேயே முடியும், தாராளமாகச் செய்யுங்கள். ஜிசிசியில் ஷேர்டு லைப்ரரியாகக் கம்பைல் செய்து, பைத்தானோடு கூடவே வரும் சிடைப்ஸ் மூலம் ஏற்றினால், ஒவ்வொரு ஃபங்ஷனையும் பைடெஸ்ட்டால் குடைந்தெடுக்கலாம். சென்சாரைப் படிக்கும் இடத்தில் போலி எண்ணைக் கொடுங்கள்: தொட்டி நிரம்பும், வற்றும், ஒரு சொட்டுத் தண்ணீர் செலவாகாது. காவிரி மிச்சம்!

மில்லிசெகண்டை எண்ணும் 32 பிட் கவுண்டர் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதுவரை யார் காத்திருப்பது? பைத்தானில் கடிகாரத்தை அந்த விளிம்பில் நிறுத்த ஒரே வரி போதும். 2015இல் போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டில் கண்ட கோளாறும் இதே ஜாதிதான்: இடைவிடாமல் 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் கவுண்டர் வழிந்து, ஜெனரேட்டர்கள் நின்றுவிடக்கூடும்.

சில விஷயங்களில் மட்டும் கணினியை நம்பாதீர்கள். அங்கே 200-ஐ 200-ஆல் பெருக்கினால் 40000. ஏவிஆர் சிப்பில் இன்ட் என்பது 16 பிட்தான். பெரும்பாலும் -25536 வந்து நிற்கும். மாறிகளை இன்ட்32 போல அகலம் குறித்தே அறிவியுங்கள். இன்டரப்டையும் நேரத் துல்லியத்தையும் போர்டில்தான் பார்க்க வேண்டும்.