அம்மாவா, அப்பாவா?

கேள்வி: நானும் கணவரும் விவாகரத்து ஆனவர்கள். தசரா லீவுக்கு எட்டு வயது மகன் யாரோடு இருப்பது என்று தகராறு. அவனையே கேட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, மைசூரு

பதில்: வேண்டாம் தாயே! எதிரே நிற்பவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான்; ராத்திரி தூங்கமாட்டான். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் காப்பாளர் சட்டமே, பெற்றவர்களின் உரிமையைவிடப் பிள்ளையின் நலன்தான் பெரிது என்கிறது. ஜம்பு சவாரி யானை ஊர்வலம் உங்களோடு, பொருட்காட்சி அவரோடு என்று நீங்கள் இருவருமே பேசி முடித்து, காலண்டரில் குறித்துவிடுங்கள். அடுத்து எங்கே என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். திரும்பி வந்ததும், “உங்கப்பா என்னைப் பத்தி என்ன சொன்னார்?” என்று சிஐடி வேலை பார்க்காதீர்கள். அந்த ஊர்வலத்தில் 750 கிலோ அம்பாரியைச் சுமக்க, யானைக்கே மணல் மூட்டை ஏற்றி வாரக்கணக்கில் பழக்குகிறார்கள். உங்கள் சண்டையைச் சுமக்கப் பையனை யார் பழக்கினார்கள்?