சம்மட்டியும் செல்போனும்

எங்கள் பட்டறையில் அந்தக் காலத்தில் சம்மட்டி அடித்தது அம்மாதான். பழுத்த இரும்பை அப்பா குறட்டால் பிடித்துக்கொண்டு, கைச்சுத்தியால் எங்கே தட்டிக் காட்டுகிறாரோ அங்கே அம்மாவின் சம்மட்டி இறங்க வேண்டும். துருத்தி என் பொறுப்பு. ஊரில் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது லீவுக்கு வரும் நான் அதே சம்மட்டியைத் தூக்கினால் வாசலில் நாலு செல்போன் உயர்கிறது. ‘சிங்கப்பெண்’ என்று யாரோ வீடியோ போட்டார்கள். அம்மா பார்த்துவிட்டு, “காலை இன்னும் அகட்டி வையி” என்றாள்.

இந்த நெருப்பிலிருந்து தப்பட்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள். தப்பினேன், சென்னையில் ஏசி அறை. அந்தச் சம்பளத்தில் தோல் ஏப்ரனும் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு இதே நெருப்புக்கு வருகிறேன். மன அழுத்தத்துக்கு நல்லது என்கிறார்கள் ஆபீஸில். அப்பாவுக்கு அது வந்ததே கரி விலையால்.

இரும்பு மட்டும் மாறவில்லை, பழைய லாரியின் பட்டைதான். நிறம் பார்த்துச் சூடு அறிய வேண்டும் என்பதால் பட்டறையை இருட்டாகவே வைத்திருப்பார் அப்பா. சுமார் 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது என்று படித்துவிட்டு, கையில் காந்தத்தோடு நின்றேன். “இப்ப” என்றார். வைத்தேன், ஒட்டவில்லை. “ஒன் காந்தம் சரியாத்தான் இருக்குத்தா” என்றார்.

பிறகுதான் தோய்ச்சல். அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் ஓடிவரும். தேய்த்து வெளுத்த இடத்தில் வைக்கோல் மஞ்சள் தெரிந்ததும் முழுதாக முக்கிவிட வேண்டும். நீலம் ஏற விட்டால் கூர் நிற்காது. முன்னாலேயே அவசரப்பட்டால் வாய் தெறிக்கும். இந்த இடத்தில் என் படிப்புக்கு வேலையே இல்லை.

முன்பெல்லாம் கொழு அடித்துக் கொடுத்தால் கூலி களத்துமேட்டில் நெல்லாக வரும், மழை பெய்திருந்தால். டிராக்டர் வந்ததும் கொழுவும் போயிற்று, நெல்லும் போயிற்று. இன்று நகரத்துக்காரர்கள் கேட்பது சமையல் கத்தி. அதிலும் சுத்தி பட்ட தடம் தெரிய வேண்டுமாம்! ஒரு தடம் மிஞ்சினாலும் அவமானம் என்று ராத்திரியெல்லாம் அரம் போட்ட மனிதர் அப்பா. இப்போது வழவழப்பாக ராவிய கத்தியின் மேல் அவரே மறுபடி தட்டித் தடம் வைக்கிறார். அதற்குத் தனிக் காசு. ‘கைவினை’ என்று பெயர் வந்தால் குறைகூட விலை போகும் போலிருக்கிறது.

அரிவாள் வாங்க வருகிறவரை அப்போது “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டால் போதும். 2021-இல் வந்த போலீஸ் உத்தரவுக்குப் பிறகு அதற்கும் நோட்டு. அதை எழுதுவது நான். விலை சொல்வது அம்மா. ஆகவே வருகிறவர்கள் பெயர், முகவரி, செல் நம்பர், எதற்கு என்ற காரணம் நான்கையும் தயாராக வைத்துக்கொண்டு வாருங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள், அம்மா கையில் சம்மட்டி இருக்கும்.