கொட்டகை விகாரப் படலம்

பழைய சினிமாக் கொட்டகைகள் இயல்பு, விகாரம் என இருவகைப்படும். விகாரமாவது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. இலக்கணம் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட சங்கதியாகப் பட்டால் களவு என்று கொள்ளற்க, வழிநூல் என்க.

இயல்பாவது, திறந்த நாளில் இருந்தபடியே இருப்பது. இதற்கு உதாரணம் தேடி இடைசெவலிலிருந்து கோவில்பட்டி வரை சைக்கிள் மிதித்ததில் கால்வலிதான் மிச்சம். மேலே போவோம்.

கெடுதலாவது, இருந்த சுவடே தெரியாமல் போவது. டூரிங் டாக்கீஸ் அநேகமாக அத்தனையும் இதில் அடங்கும். 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-இன் விதிகளும் கொட்டகைகளை நிரந்தரம், அரை நிரந்தரம், டூரிங் என்று பிரித்தன. நிரந்தரப் பட்டம் வாங்கியவற்றிலும் எத்தனையோ போய்ச் சேர்ந்துவிட்டன. அரசாங்கமும் நம்மைப் போலத்தான். வகை பிரித்ததோடு சரி.

டூரிங்கின் உயிர்நிலை தரை. கரிசல் மண் மழைக்குச் செருப்பைப் பிடுங்கும், வெயிலுக்கு வெடித்து வாய் பிளக்கும். அதனால் வண்டி மணல் அடித்துப் பரப்பிவைப்பார்கள். என் மாமா தரை டிக்கெட் எடுத்து உள்ளே போனதும் செய்கிற முதல் வேலை, இரண்டு கையாலும் மணலைக் கூட்டி மேடு கட்டுவது. மேலே துண்டை விரித்து ஜமீன்தார் மாதிரி உட்காருவார். பின்னால் இருக்கிறவன் சண்டைக்கு வரமாட்டான். விளக்கணைந்ததும் மாமாவின் மேட்டையே சத்தமில்லாமல் சுரண்டித் தனக்கொரு மேடு கட்டுவான். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற நடுநடுவே விளக்கைப் போடுவார்கள். இரண்டாம் முறை விளக்கு எரியும்போது மாமா பள்ளத்தில் இருப்பார்.

திரிதலாவது, ஒன்று மற்றொன்றாவது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் தபால்தலை விற்கும் இடமாகத் திரிந்தது. மதுரையிலோ தனி விதி. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. ‘சிந்தாமணி’ படத்தின் லாபத்தில் எழும்பிய சிந்தாமணி தியேட்டருக்கும் அதே கதி. ஆகவே, மதுரையின் முன் தியேட்டர் வரின் ஜவுளியாய்த் திரியும் என்று சூத்திரம் செய்துகொள்க.

தோன்றலாவது, இல்லாதது வந்து ஒட்டுவது. ஏசி, புஷ்பேக், பார்க்கிங் டோக்கன், கடலைமிட்டாய்க்குப் பேர்போன சீமையிலேயே பாப்கார்ன். இதன் உட்பிரிவு ‘பழமை மாறாமல் புதுப்பித்தல்’. எங்கள் ஊர் இடைசெவலுக்கு அந்த யோகம் கொட்டகையால் வரவில்லை, எழுத்தாளர் கி.ரா. 2021-இல் மறைந்தபின் அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் புதுப்பிப்பதாக அரசு அறிவித்ததால் வந்தது. கொட்டகைக்கு உதாரணம் பார்க்க நான் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் மருமகன் ஒரு நிகழ்ச்சிக்காகக் கேப்பிட்டல் தியேட்டருக்குக் கூட்டிப்போனான். 1930-இல் திறந்தது, 1998-இலிருந்து மூடிக் கிடந்து, 2015-இல் மறுபடி திறந்தது. வெளியே சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து ஜனம் ஈசல் மாதிரி வருகிறது. உள்ளே மேடைக்கு இரண்டு பக்கமும் சிறகு முளைத்த குதிரைகள், மேலே பெண்கள் சவாரி. எங்கள் பக்கத்து அய்யனார் பார்த்தால் தன் குதிரையைக் கோபித்துக்கொள்வார். அண்ணாந்தால் விதானத்தில் பன்னிரண்டு ராசியும் வட்டமாக. என் ராசியைத் தேடிக் கழுத்துச் சுளுக்கியதற்குக் கட்டடத்தைக் குறைசொல்ல மாட்டேன்.

அதிசயம் தரையில் இருக்கிறது. விசையை இயக்கினால் நாற்காலி வரிசைகள் அப்படியே கவிழ்ந்து தரைக்கடியில் போய்விடும். மேலே சமதளம் வந்துவிடும். உட்கார 977 பேருக்கு இடம் என்றான் மருமகன்.

ஊர் திரும்பி, வேப்பமரத்தடியில் மாமாவிடம் ராசி, குதிரை எல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். கொண்டுவந்த சாக்லெட்டைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தரை டிக்கெட்டு எவ்வளவு மாப்ளே?”

“அதெல்லாம் கிடையாது மாமா. எல்லாம் நாற்காலிதான்.”

“நாற்காலி கவுந்து தரை வருதுன்னியே?”

“வரும். அதுல மேசை போட்டு விருந்து வைப்பாங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். இப்படி, தரை இருந்தும் தரை டிக்கெட் இல்லாத கொட்டகையைத் தோன்றலில் சேர்ப்பதா கெடுதலில் சேர்ப்பதா என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“மணல் அடிச்சிருக்கானா?”

“இல்ல மாமா.”

“பெறகு என்னத்த புதுப்பிச்சான்?” என்று சாக்லெட்டை வாயில் போட்டுக்கொண்டார்.