கீறலுக்கும் ஒரு மென்பொருள்

பரணில் கிடந்த இசைத்தட்டுகளுக்கு இப்போது யோக காலம். வீட்டிலேயே அவற்றை டிஜிட்டலாக்கும் திருப்பணியில் ஓய்வுபெற்ற தாத்தாக்கள் இறங்கிவிட்டார்கள்.

இதில் அவசரம் செல்லாது. எல்.பி. என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஒரு பக்கம் ஓடி முடிய ஏறக்குறைய 20 நிமிடம். அதுவரை தரை அதிர யாரும் நடக்கக் கூடாது, மிக்சி ஓடக் கூடாது. அலமாரி நிறையத் தட்டு இருக்கும் வீட்டில் சட்னி அரைக்கவே நாள் பார்க்க வேண்டும்.

பிளேயரை நேரே கணினியில் செருகினால் பாட்டு கொசு ரீங்காரமாகத்தான் வரும். தட்டில் வெட்டும்போதே கனத்த ஒலியை அடக்கி, கீச்சொலியைத் தூக்கி வைத்திருப்பார்கள். அதைத் திரும்பச் சமன்செய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டு என்றால் அகலமான ஊசி வேறு. தட்டு சும்மா கிடைத்தது, செலவெல்லாம் அதைச் சுற்றித்தான்.

பிறகு ஆடாசிட்டி மென்பொருளில் அலைக்கோட்டைப் பெரிதாக்கி, 'டிக்' 'டிக்'கென்று குத்துவதையெல்லாம் ஒவ்வொன்றாகக் களையெடுக்க வேண்டும். "இதே பாட்டு யூடியூப்ல பளிச்னு இருக்கே தாத்தா" என்கிறான் பேரன். "அதுல உயிர் இல்லடா" என்று பதில் வருகிறது. உயிர் என்று அவர் சொல்வது அந்தக் கரகரப்பை. ராத்திரியெல்லாம் கண்விழித்து அவர் நீக்கிக்கொண்டிருப்பதும் அதையேதான்.

இதற்கிடையே, புதுப் பாட்டில் தூசியும் கீறலும் சேர்த்துத்தர ஐசோடோப் நிறுவனம் 'வைனில்' என்றொரு மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டது. இளம் இசையமைப்பாளர்கள் ஆசையாகப் பூசிக்கொள்கிறார்கள். தாத்தா பிடுங்கிய கீறல்களை மூட்டை கட்டி அவர்களுக்கு அனுப்பினால், இரு தரப்புக்கும் மின்கட்டணமாவது மிஞ்சும்.